125 வாங்கியும் ஃபெயில்! ஜப்பானிய மொழி படிப்பவர்களுக்கு வகுப்பு மட்டும் போதுமா?

மொழியறிவும் வாசிப்பும் சேர்த்து 120-க்கு 110. காதால் கேட்டு விடை சொல்லும் பகுதியில் 60-க்கு 15. மொத்தம் 180-க்கு 125. தேர்ச்சிக்குத் தேவை 80 தான்.

இப்படி ஒரு மதிப்பெண் பட்டியல் வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? அம்மா கேசரிக்கு ரவை வறுக்க ஆரம்பித்திருப்பார். ஆனால் பட்டியலின் கடைசி வரியில் இருப்பதோ ‘தேர்ச்சி இல்லை’.

இது கற்பனைப் பட்டியல்தான். ஆனால் விதி நிஜம். ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்-5 தேர்வில், மொத்தம் 80 எடுத்தால் மட்டும் போதாது. மொழியறிவு - வாசிப்பில் குறைந்தது 38, கேட்டலில் குறைந்தது 19 எடுக்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் போச்சு. அடுத்த தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தத் தேர்வு ஆண்டுக்கு இரண்டே முறை, ஜூலையிலும் டிசம்பரிலும்தான் நடக்கிறது.

புத்தகத்தை வரிக்கு வரி படித்தவர்கள் தடுக்கி விழும் இடம் இந்தக் கேட்டல் பகுதிதான். தேர்வறையில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். ‘சார், இன்னொரு தடவை’ என்று கை தூக்க முடியாது. அந்தக் காது வாரத்துக்கு இரண்டு வகுப்பில் வந்துவிடுமா? அங்கேதான் கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் உதவிக்கு வருகிறது.

எதற்காக இவ்வளவு பாடு?

ஜப்பான் ஃபவுண்டேஷனும் இன்னொரு ஜப்பானியக் கல்வி அமைப்பும் சேர்ந்து நடத்தும் இந்தத் தேர்வு 1984-ல் தொடங்கியது. 2010 முதல் ஐந்து நிலைகள். என்-5 அடிவாசல், என்-1 உச்சி. சென்னையிலும் தேர்வு மையம் உண்டு. ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் தமிழ்நாடு மையம் போன்ற அமைப்புகள் பல காலமாக இங்கே ஜப்பானிய வகுப்புகள் நடத்தி வருகின்றன.

முன்பெல்லாம் ஜப்பானிய மொழி என்றால் ஐ.டி. கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை, அல்லது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனத்தில் கொஞ்சம் கூடுதல் சம்பளம் என்பதே கணக்கு. 2019 ஏப்ரலில் ஜப்பான் ‘குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்’ என்ற புதிய விசாவைக் கொண்டுவந்தது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவகம், கட்டுமானம், உற்பத்தி எனப் பல துறைகளுக்கு அது கதவைத் திறந்தது. அதற்கான மொழித் தகுதி, ஜே.எல்.பி.டி. என்-4 அல்லது ஜே.எஃப்.டி.-பேசிக் என்ற கணினித் தேர்வு. கூடவே அந்தந்தத் துறைக்கான திறன் தேர்வும் உண்டு. முதியோர் பராமரிப்பு என்றால் அத்துறைக்கான மொழித் தேர்வு தனி.

இதைப் பெற்றோர் குறித்துக்கொள்வது நல்லது. ‘என்-5 முடித்தால் போதும், இந்த விசாவில் விமானம் ஏற்றிவிடுகிறோம்’ என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை யோசியுங்கள். என்-5 என்பது முதல் படி. வாசல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

வகுப்பின் கணக்கு

சனி, ஞாயிறு தலா இரண்டு மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். வாரத்தின் 168 மணி நேரத்தில் ஜப்பானிய மொழிக்கு நான்கு மணி நேரம். ஒரு வகுப்பில் 25 பேர் என்றால், ஆசிரியர் வாயே திறக்காமல் எல்லோரையும் பேச விட்டாலும் ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, டிராஃபிக், வீடு. அடுத்த சனிக்கிழமை வரும்போது போன வாரம் படித்ததில் பாதி ஆவியாகியிருக்கும்.

குறை ஆசிரியரிடம் இல்லை. வகுப்பின் அமைப்பே அப்படித்தான். அதே சமயம், ‘அப்படியானால் வகுப்பே வேண்டாம், ஆப் போதும்’ என்று முடிவெடுத்தால் அது இன்னொரு பள்ளம்.

ஆப் ‘சரி’, ‘தவறு’ என்று சொல்லும். ஏன் தவறு என்பதை உங்களுக்குப் புரியும்படி சொல்ல ஓர் ஆள் வேண்டும். உதாரணமாக, ‘நீங்கள்’ என்பதற்கு ‘அனதா’ என்று பாடத்தில் வரும். அதை அப்படியே மேலதிகாரியிடம் பேசினால் அவர் முகம் மாறும். ஜப்பானில் எதிரில் இருப்பவரைப் பெயருடன் ‘சான்’ சேர்த்தோ, பதவி சொல்லியோதான் அழைப்பார்கள். ஆசிரியர் என்றால் ‘சென்சே’. நாம் ‘சார்’, ‘அண்ணா’, ‘அக்கா’ என்று அழைப்பது போலத்தான்.

அனிமே பார்த்து மொழி பழகும் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே நாயகன் எதிரியைப் பார்த்து ‘ஒமயே’ என்று கத்துவான். இன்டர்வியூவில் அப்படிச் சொன்னால், தேர்வாளரை ‘டேய்’ என்று கூப்பிட்ட கதைதான். எதை எங்கே பேச வேண்டும் என்ற இங்கிதத்தை முகம் பார்த்துத் திருத்த ஆசிரியரால்தான் முடியும்.

ஆக, புரிய வைப்பதும் திருத்துவதும் வகுப்பின் வேலை. திரும்பத் திரும்பக் கேட்பதும் சொல்வதும் மறக்காமல் வைப்பதும் போனின் வேலை. இந்தப் பங்கீடு பிடிபட்டால் பாதி சுமை குறையும்.

எங்கே படிப்பது?

நல்ல பாடங்களில் பல இலவசம்.

மினாதோ: ஜப்பான் ஃபவுண்டேஷன் நடத்தும் ஆன்லைன் தளம். ‘துறைமுகம்’ என்று பொருள். பதிவு செய்துகொண்டு, ‘மருகோதோ’ பாடநூலை ஒட்டிய பாடங்களைச் சொந்த வேகத்தில் படிக்கலாம். ஆசிரியர் துணையுள்ள பாடங்களும் உண்டு.

இரோதோரி: இதுவும் ஜப்பான் ஃபவுண்டேஷனின் பாடம்தான். ஜப்பானில் வேலை செய்து வாழப்போகிறவர்களுக்கானது. கடையில் விலை கேட்பது, வேலையிடத்தில் உத்தரவைப் புரிந்துகொள்வது, டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வது என வாழ்க்கைக் காட்சிகளே பாடங்கள். புத்தகம், ஒலிப்பதிவு இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தொழிலாளர் விசா கனவு உள்ளவர்கள் தவறவிடக் கூடாதது.

என்.எச்.கே. வேர்ல்டு: ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தரும் ‘ஈஸி ஜப்பானீஸ்’ பாடங்கள். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் போதும்.

ஆன்கி: இந்த ஜப்பானியச் சொல்லுக்கு ‘மனப்பாடம்’ என்று பொருள். சொற்களை அட்டைகளாக்கி, மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி கேட்கும் செயலி. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் கட்டணம்.

மாதிரித் தாள்கள்: ஜே.எல்.பி.டி.யின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே ஒலிப்பதிவுடன் இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் போனில் ஏற்றிவிட்டு எதையும் திறக்காமல் இருப்பது இன்னொரு வியாதி. ஒரு பாடத் தளம், ஒரு மனப்பாடச் செயலி. இரண்டு போதும்.

தமிழருக்கு ஒரு லாபம்

ஆன்லைன் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகவே ஜப்பானிய மொழியை விளக்குகின்றன. நம் பிள்ளைகளும் ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு தமிழில் புரிந்துகொள்கிறார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரைச் சுற்றுவது போன்ற வேலை இது. நேராகத் தமிழிலிருந்து போனால் வழி சுருக்கம்.

‘வதாஷி வ கக்கோ நி இகிமாஸ்’. வதாஷி - நான், கக்கோ - பள்ளி, நி - க்கு, இகிமாஸ் - போகிறேன். ‘நான் பள்ளிக்குப் போகிறேன்.’ சொல்வரிசை அப்படியே நம்முடையது. வினைச்சொல் கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ஆங்கிலம் பேசுபவர்கள் மாதக்கணக்கில் தலைகீழாக நின்று பழகுவது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

‘உம்’ என்று நாம் சேர்ப்பதை அவர்கள் ‘மோ’ என்று சேர்க்கிறார்கள். வதாஷி மோ என்றால் ‘நானும்’. இட்சு என்றால் ‘எப்போது’, இட்சுமோ என்றால் ‘எப்போதும்’. கேள்வி கேட்க நாம் கடைசியில் ‘ஆ’ போடுவது போல அவர்கள் ‘கா’ போடுகிறார்கள். கொரே, சொரே, அரே, தொரே என்பவை இது, உது, அது, எது. ‘உது’ என்ற சொல் தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்துவிட்டாலும் யாழ்ப்பாணத் தமிழில் இன்னும் வாழ்கிறது.

துணைவினை அழகையும் பாருங்கள். தபெதெ மிரு - சாப்பிட்டுப் பார். கத்தெ குரு - வாங்கி வா. கத்தெ ஒகு - வாங்கி வை. ‘சாப்பிட்டு எதற்குப் பார்க்க வேண்டும்’ என்று ஆங்கிலப் புத்தகம் ஒரு பக்கம் விளக்கும். நமக்கு ஒரு நொடி.

எழுத்துகளின் வரிசைகூட நமக்குப் பழக்கமானது. அ, இ, உ, எ, ஒ என்பவை உயிர்கள். பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இதில் ‘ஹ’ பழங்காலத்தில் ‘ப’ ஆக இருந்த ஒலி. இப்போது அந்த வரிசையை நம் மெய்யெழுத்து வரிசையோடு வைத்துப் பாருங்கள். பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பான் போன இந்திய எழுத்து முறையின் தாக்கம் அது.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, படிப்பவருக்கு இந்த ஒற்றுமையின் பலன் நிச்சயம்.

எங்கே வழுக்கும்?

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. முதலாவது எழுத்து. வகுப்பில் அவசரத்துக்கு ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வார்கள். ‘கின்’ என்று எழுதியிருக்கும். அது தங்கமா, வெள்ளியா? தங்கத்தில் முதல் ஒலி ‘கல்’ என்பதில் வரும் வல்லொலி. வெள்ளியில் ‘கங்கை’ என்பதில் முதலில் வரும் மெல்லிய ஒலி. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘கி’தான். வானிலைக்கும் மின்சாரத்துக்கும் இதே குழப்பம், இரண்டுமே நோட்டில் ‘தெங்கி’ என்று நிற்கும். அதனால் முதல் சில வாரங்களிலேயே ஹிரகானா, கதகானா இரண்டையும், வகைக்கு 46 அடிப்படை எழுத்துகள், முடித்துவிட்டுத் தமிழ்க் குறிப்பை நிறுத்திவிடுங்கள். அதுவரை ஒவ்வொரு சொல்லையும் ஆடியோவோடு கேட்டே படியுங்கள்.

குறில், நெடில் விஷயத்தில் நமக்குக் காது உண்டு. ஒபசான் என்றால் அத்தை வயதுப் பெண்மணி, ஒபாசான் என்றால் பாட்டி. ‘பிரு’ கட்டடம், ‘பீரு’ மதுபானம். கல், கால் என்று பிரித்துப் பழகிய நமக்கு இது எளிது. ஆனால் ஆங்கில எழுத்தில் படித்தால் இந்தக் காது தூங்கிவிடும்.

இரண்டாவது, ‘இல்’. ‘சென்னையில் இருக்கிறேன்’, ‘சென்னையில் வேலை செய்கிறேன்’ இரண்டிலும் நமக்கு ஒரே ‘இல்’. அவர்களுக்கு இருப்பதற்கு ‘நி’, செய்வதற்கு ‘தெ’. தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் இடம் இது.

மூன்றாவது, திணை. நாம் நாயையும் நாற்காலியையும் அஃறிணையில் வைப்போம். ஜப்பானிய மொழியில் மனிதரோடு நாயும் ‘இமாஸ்’, நாற்காலி மட்டும் ‘அரிமாஸ்’. உயிருள்ளதா, இல்லையா என்பதே அங்கே கணக்கு.

நான்காவது, ‘வ’வும் ‘க’வும். எழுவாயோடு எப்போது எது வரும் என்பதற்குத் தமிழில் நேர் உதாரணம் இல்லை. இதை ஆப்பில் ஊகித்துக் கடந்துவிடாமல், குறித்து வைத்து வகுப்பில் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, கான்ஜி என்னும் சித்திர எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2,136 இருக்கின்றன. பயப்பட வேண்டாம், தொடக்க நிலைக்கு ஏறத்தாழ நூறு தெரிந்தால் சமாளிக்கலாம். ஜே.எல்.பி.டி.யில் கையால் எழுதவோ பேசவோ சொல்வதில்லை, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். இதிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சான்றிதழ் கையில் இருந்தும் வாய் திறக்க வராதவர்கள் உருவாவது இதனால்தான். வேலைக்கு எடுப்பவர் பேச வைத்துத்தான் பார்ப்பார்.

ஒரு வாரம் இப்படி ஓடலாம்

சனி, ஞாயிறு வகுப்பு இருப்பவர்களுக்கு ஒரு மாதிரித் திட்டம்:

ஞாயிறு இரவு, 20 நிமிடம்: வகுப்பில் வந்த புதுச் சொற்களை வாக்கியத்தோடு மனப்பாடச் செயலியில் ஏற்றுங்கள். அடுத்தவர் தயாரித்த ஆயிரம் சொல் தொகுப்பை இறக்குவதைவிட, உங்கள் பாடத்தின் 20 சொல் மேல்.

திங்கள் முதல் வெள்ளி, காலையில் 10 நிமிடம்: அட்டைகளைத் திருப்புங்கள். ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டிப்பாக நிற்கும். அதனால் தினமும் கொஞ்சம்.

திங்கள் முதல் வெள்ளி, பயணத்தில் 15 நிமிடம்: கேட்டல். முதல் முறை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். இரண்டாம் முறை பார்த்துக்கொண்டே கேளுங்கள். மூன்றாம் முறை, ஒலிப்பதிவின் வாலைப் பிடித்தபடி கூடவே சொல்லுங்கள். ஷாடோயிங் என்ற இந்தப் பயிற்சி, ‘தேசு’ என்று எழுத்துக்கூட்டுபவரை ‘தெஸ்’ என்று இயல்பாகச் சொல்ல வைக்கும்.

புதன் இரவு, 20 நிமிடம்: வகுப்புத் தோழர் ஒருவரோடு வாட்ஸ்அப் அழைப்பு. அன்று என்ன செய்தீர்கள் என்று ஐந்து வாக்கியம். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

வெள்ளி இரவு, 15 நிமிடம்: நாளைய பாடத்தை ஆன்லைனில் ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்துவிடுங்கள். புரியாத மூன்று விஷயங்களைத் தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு வகுப்புக்குப் போகிறவர், வகுப்பின் முழுப் பலனையும் வாங்கிக்கொண்டு வருகிறார்.

கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான். ஆனால் ஜப்பானிய மொழி காதில் விழாத நாளே இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

‘படிக்கிறேன்னு சொல்லிட்டு எப்பப் பாரு போன்ல’ என்று பெற்றோர் அலுத்துக்கொள்வதிலும் நியாயம் இருக்கிறது. பாடத்துக்கும் ரீல்ஸுக்கும் நடுவே ஒரே ஒரு விரல் தூரம். பாடங்களை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, நெட்டை அணைத்துவிட்டுக் கேட்பது நல்ல வழி. டேட்டாவும் மிச்சம்.

செயலி தரும் புள்ளிகளையும் தொடர் நாள் கணக்கையும் முன்னேற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். மாதம் ஒரு முறை, மாதிரித் தாளின் கேட்டல் பகுதியை நேரம் வைத்து, ஒரே முறை கேட்டு எழுதிப் பார்க்கட்டும். அந்த மதிப்பெண்தான் உண்மை.

இன்னொரு வழியும் உண்டு. படிக்கிற பிள்ளையிடம் அன்றைய பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘அம்மா, அவங்களும் நம்ம மாதிரியே சாப்பிட்டுப் பாருன்னுதான் சொல்றாங்க’ என்று அவர் விளக்கத் தொடங்கினால், பாடம் மனதில் இறங்கிவிட்டது என்று பொருள். கேட்கிற பாட்டிக்கு ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை, ‘ம்’ கொட்டினால் போதும்.

அந்த 15 மதிப்பெண்ணை 19 ஆக்க நான்கே மதிப்பெண் தேவை. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் உட்கார்ந்து அது வருவதில்லை. பஸ்ஸில், சமையலறையில், மொட்டைமாடியில் தினமும் கேட்ட அந்தப் பதினைந்து நிமிடங்களில்தான் வருகிறது. ஆசிரியர் சனிக்கிழமை சொல்லிக்கொடுத்தது வெள்ளிக்கிழமை வரை காதில் இருந்தால், கேசரிக்கு வறுத்த ரவை வீணாகாது.